எல்லை தாண்டி வாங்கிய கீபோர்டு

ஜெர்மனியின் லைப்சிக் நகருக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலையில் என்னால் என் மின்னஞ்சலைத் திறக்க முடியவில்லை. 2022 நவம்பர் மாதம். மணி ஏழாகியும் வெளியே விடியவில்லை. பழைய லேப்டாப்பைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, இங்கே வந்து புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடு வந்திருந்தேன். அதுவரை வைத்துக்கொள்ளச் சொல்லி மேல்வீட்டுத் தொடுபுழைக்காரர் தன்னுடையதைக் கொடுத்திருந்தார். கடவுச்சொல்லை அடித்தேன், தவறு என்றது. நிதானமாக இன்னொரு முறை அடித்தேன், தவறு. மூன்றாவது முறைக்குப் பிறகு கணக்கைப் பூட்டிவிட்டார்கள்.

பிறகு ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து அதே சொல்லை அங்கே அடித்துப் பார்த்தேன். ஒய் விழ வேண்டிய இடத்தில் இசட் விழுந்திருந்தது. @ குறிக்குப் பதிலாக மேற்கோள் குறி. குனிந்து கீபோர்டைப் பார்த்தேன். பத்தொன்பது வயதில் டைப்பிங் படித்து முடித்த பிறகு, எழுத்தைத் தேடி நான் கீபோர்டைக் குனிந்து பார்த்தது அன்றுதான்.

ஒரு கீபோர்டுக்காகவா இவ்வளவு பெரிய பதிவு என்று கேட்பீர்கள். எனக்குச் சோறு போடுவது அதுதான். பொள்ளாச்சியில் பதினொரு வருடம் டிடிபி வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, கோர்ட்டுக்குப் போகும் பிரமாணப் பத்திரம், கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ், நடுநடுவே ஒரு கவிதைப் புத்தகம். மனைவி நர்ஸ். மூணாறு எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். ஜெர்மன் மொழி படித்து, தேர்வு எழுதி, இங்கே வேலை கிடைத்து வந்தார். நானும் மகனும் ஆறு மாதம் கழித்து வந்தோம். வந்த பிறகும் என் தொழிலை விடவில்லை. ஊரிலிருந்து கையெழுத்துப் பிரதியைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். நான் அடித்துத் திருப்பி அனுப்புகிறேன். கூலி பக்கத்துக்கு இவ்வளவு என்று. கை வேகம் குறைந்தால் வருமானமும் குறையும்.

என் கை பழகிய கதையைச் சொல்ல ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா. ஒரு காலத்தில் பாலக்காடு சென்னை மாகாணத்து மலபாரில் இருக்க, சித்தூர் மட்டும் கொச்சி ராஜாவின் ஆளுகையில் இருந்தது. 1956 நவம்பர் 1-இல் எல்லாம் கேரளம் ஆனது. மலையாளத்துக்கு எழுத்துப் பாதை போட்ட துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் வாழ்ந்ததும் இந்தச் சித்தூரில்தான்; சோகநாசினி ஆற்றங்கரையில் அவருடைய குருமடம் இன்றும் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே வர வர பேச்சு தமிழாகிவிடும். தென்னந்தோப்பு, கள்ளிறக்கும் தொழில், பால் சொசைட்டி, வீட்டில் கொங்குத் தமிழ், பஸ் போர்டில் மலையாளம். ரேஷன் கார்டைப் படிக்க ஒரு எழுத்து, பத்திரிகை படிக்க ஒரு எழுத்து.

தமிழ் டைப்பிங் படிக்க வேண்டும் என்றபோது அப்பா கை காட்டியது கிழக்குப் பக்கம்தான். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பொள்ளாச்சி பஸ். காலை ஆறரை மணி பேட்ச். ஓட்டுக் கூரைக்குக் கீழே வரிசையாக ரெமிங்டன் மிஷின்கள். ஆங்கிலத்துக்கு முதல் பாடம், டைப்பிங் படித்த எல்லோருக்கும் உறக்கத்திலும் வரும் அந்தப் பாடம்: ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே. தமிழுக்கு யளனகபக. இடது சுண்டுவிரல் ஏ-யில், வலது சுண்டுவிரல் செமிகோலனில். விரல் அந்த இடத்தை விட்டுக் கொஞ்சம் நகர்ந்தாலும் மாஸ்டர் பென்சிலால் மெல்லத் தட்டுவார். லோயர், ஹையர் இரண்டும் தமிழிலும் ஆங்கிலத்திலும் முடித்தேன். அந்த இரண்டு வருடத்தில் என் விரலுக்குள் ஒரு வரைபடம் பதிந்துவிட்டது. அதை அழித்து வேறொன்று எழுதுவது நாற்பது வயதில் நடக்கிற காரியம் இல்லை.

ஜெர்மன் கீபோர்டில் முதல் வரியில் டி-க்கு அடுத்து ஒய் கிடையாது, இசட். ஒய் இடது கீழ் மூலைக்குப் போய்விட்டது. காரணம் நியாயமானதுதான். ஜெர்மன் மொழியில் இசட் அடிக்கடி வரும். டி-யும் இசட்டும் சேர்ந்தே வரும் சொற்கள் ஏராளம். ஒய் எப்போதாவதுதான் வரும். அமெரிக்காவில் ஷோல்ஸ் என்பவர் உருவாக்கி, 1874-இல் ரெமிங்டன் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த மிஷினின் வழியில் வந்ததுதான் நாம் எல்லோரும் பழகிய வரிசை. அது ஒவ்வொரு நாட்டுக்கும் போகும்போது அந்த மொழிக்குத் தக்கபடி கொஞ்சம் கொஞ்சம் மாறியது. பிரான்ஸில் ஏ-யும் க்யூ-வும் இடம் மாறியிருக்கும். எண் அடிக்க ஷிப்ட் பிடிக்க வேண்டும், முற்றுப்புள்ளிக்கும் பிடிக்க வேண்டும். வளைகுடா நாடுகளில் ஒவ்வொரு கீ-யிலும் ஆங்கிலத்தோடு அரபியும் அச்சாகியிருக்கும். ஆனால் ஆங்கில எழுத்துகள் நாம் பழகிய இடத்திலேயே இருக்கும் என்பதால் அங்கே இருக்கும் நம் ஆட்களுக்கு இந்தச் சிக்கல் பெரிதாகத் தெரிவதில்லை.

எனக்கு ஒய்-இசட் மாற்றத்தைவிடக் கஷ்டமாக இருந்தது வலது சுண்டுவிரல் பக்கம். செமிகோலன் இருக்கும் இடத்தில் ஜெர்மன் கீபோர்டில் தலைக்கு மேல் இரண்டு புள்ளி வைத்த ஓ. அதற்கு அடுத்து இரண்டு புள்ளி வைத்த ஏ. மேலே பகர அடைப்புக்குறி இருக்கும் இடத்தில் இரண்டு புள்ளி வைத்த யு. ஆங்கிலம் அடிப்பவருக்கு இவை நிறுத்தக்குறிகள் மட்டும்தான்; தேடி எடுத்துக்கொள்ளலாம். தமிழ்99-இல் அடிப்பவருக்கு அந்த இடங்கள் எல்லாம் உயிர்நாடி. செமிகோலன் நமக்கு ந. அதன் பக்கத்தில் ய. மேலே ச, அதற்கடுத்து ஞ. கீழே சாய்கோடு இருக்கும் இடத்தில் ழ. நாம் பெருமையாகச் சொல்லும் ழகரம் வெளிநாட்டுக்காரன் கண்ணுக்கு வெறும் சாய்கோடு.

தமிழ்99 பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. பழைய தட்டச்சு வரிசையில் ஷிப்ட் பிடித்துப் பிடித்து அடிக்க வேண்டும். தமிழ்99-இல் உயிர் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. க-வை இரண்டு தடவை அடித்தால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழுந்து க்க ஆகிவிடும். ங-வும் க-வும் அடித்தால் ங்க. யுனிகோடு வந்த பிறகு நான் பழைய வரிசையை விட்டு இதற்கு மாறினேன். மூன்று மாதம் கை தடுமாறியது. நாலாவது மாதம் பழைய வேகத்தைத் தாண்டிவிட்டது. தமிழ் அடிக்கிற எல்லோரும் இதற்கு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. போனில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா என்று எழுதும்போது மனதுக்குள் ஆங்கில எழுத்துக்கூட்டி எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இயங்குதளத்தில் மொழியைத் தமிழ்99 என்று மாற்றிவிட்டால், கீ மேல் என்ன அச்சாகியிருந்தாலும் இடத்தை வைத்துத்தான் எழுத்து விழும். ஆகவே ஜெர்மன் கீபோர்டிலும் தமிழ் வரும். பாராமல் அடிப்பவருக்கு ஓரளவு சமாளிக்கவும் முடியும். ஆனால் நடுவில் ஆங்கிலச் சொல் ஒன்று வரும், ஊர்ப்பெயர் வரும், அடைப்புக்குறி வரும். மொழியை மாற்றுவேன், ஜெர்மன் வந்து நிற்கும். பகர அடைப்புக்குறிக்கு வலது ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு எட்டையும் ஒன்பதையும் தட்ட வேண்டும். அச்சை நம்புவதா விரலை நம்புவதா என்று ஒவ்வொரு பத்திக்கும் ஒரு குழப்பம். பொள்ளாச்சியில் ஒரு மணி நேரத்தில் முடித்த வேலைக்கு இங்கே இரண்டு மணி நேரம் ஆனது.

இதில் வீட்டு நிலைமை வேறு. மனைவிக்கு மருத்துவமனை முழுக்க ஜெர்மன் கீபோர்டு. நோயாளி அறிக்கையை அதில்தான் அடிக்க வேண்டும். அவருடைய கை அதற்குப் பழகிவிட்டது. மகனுக்கும் பள்ளிக்கூட வேலைக்குப் புள்ளி வைத்த எழுத்துகள் வேண்டும். வீட்டில் மூன்று பேர், இரண்டு பழக்கம். "உங்களுக்கு ஒண்ணு தனியா வாங்கிக்குங்க, இல்லன்னா தெனமும் இந்தப் பஞ்சாயத்துதான்" என்று மனைவி சொன்ன பிறகுதான் தேட ஆரம்பித்தேன்.

முதலில் உள்ளூர் கடை. ஆங்கில கீபோர்டு வேண்டும் என்றேன். பத்து நாளில் வரவழைத்துக் கொடுத்தார்கள். பெட்டியைப் பிரித்தால் அது இங்கிலாந்து கீபோர்டு. இது தெரியாமல் பலர் ஏமாறுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஆங்கில கீபோர்டு என்று ஒன்று இல்லை. இங்கிலாந்துக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று. இந்தியாவில் நாம் பிறந்ததிலிருந்து பார்ப்பது அமெரிக்க வகை. இங்கிலாந்து வகையில் எழுத்துகள் அதே இடத்தில்தான் இருக்கும். ஆனால் 2-க்கு மேல் மேற்கோள் குறி, @ வலது ஓரத்துக்குப் போயிருக்கும், 3-க்கு மேல் பவுண்டு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது உருவம். பெரும்பாலான ஐரோப்பிய கீபோர்டுகளில் என்டர் கீ இரண்டு வரிக்கு நின்றுகொண்டிருக்கும்; நம்முடையதில் பெரும்பாலும் ஒரே வரியில் நீளமாகப் படுத்திருக்கும். இடது ஷிப்ட் நம்முடையதில் நீளம். ஐரோப்பிய வகையில் அதைப் பாதியாக வெட்டி, பக்கத்தில் இன்னொரு கீ-யைச் செருகியிருப்பார்கள். ஷிப்ட் என்று நினைத்துச் சுண்டுவிரல் போய் விழுவது அந்தச் செருகின கீ-யில்.

ஆகவே படத்தைப் பார்த்து வாங்கும்போது எழுத்தைப் பார்க்காதீர்கள். என்டரையும் இடது ஷிப்டையும் பாருங்கள்.

அந்த இங்கிலாந்து கீபோர்டைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் தொடுபுழைக்காரர் ஒரு யோசனை சொன்னார். போலந்துக்காரர்களின் மொழியில் வால் வைத்த எழுத்தும் கோடு போட்ட எழுத்தும் நிறைய உண்டு; ஆனாலும் அவர்கள் கடைகளில் விற்பது அமெரிக்க வகை கீபோர்டுதான், சிறப்பு எழுத்துகளை வலது ஆல்ட் பிடித்து வரவழைத்துக்கொள்கிறார்கள் என்றார். எல்லை பக்கத்தில்தானே இருக்கிறது, போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு உடனே கோபாலபுரம் செக்போஸ்ட் ஞாபகம் வந்தது.

2023 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மகனையும் கூட்டிக்கொண்டு கோர்லிட்ஸ் போனேன். நைசே ஆற்றங்கரை ஊர். இரண்டாம் உலகப்போர் முடிந்து எல்லையை ஆற்றோடு வகுத்தபோது ஊர் இரண்டாகப் பிரிந்தது. மேற்குக் கரை ஜெர்மனியில் கோர்லிட்ஸ். கிழக்குக் கரை போலந்தில் ஸ்கோஜெலெட்ஸ். நடுவில் நடந்து போகிற பாலம். அன்று யாரும் நிறுத்தவில்லை, எதையும் கேட்கவில்லை. பாலத்தின் இந்த முனையில் பார்த்த பலகைகள் ஒரு மொழியில், அந்த முனையில் பார்த்தவை இன்னொரு மொழியில். மகன் வியந்துபோய்ப் பார்த்தான். எனக்கு அதில் வியப்பு இல்லை. வேலந்தாவளத்திலும் கோபாலபுரத்திலும் மீனாட்சிபுரத்திலும் நான் சின்ன வயதிலிருந்து பார்த்தது அதுதான்.

ஸ்கோஜெலெட்ஸில் ஒரு சிறிய கடை. செல்போன் கவர், சார்ஜர், ஒயர் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன. கடைக்காரம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்குப் போலிஷ் தெரியாது. சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டிகளில் ஒன்றைக் கையால் காட்டினேன். எடுத்து மேஜையில் வைத்தார். டி-க்கு அடுத்து ஒய். நீள ஷிப்ட். படுத்திருக்கும் என்டர். எல் பக்கத்தில் செமிகோலன். நின்றபடியே அதன் மேல் பத்து விரலையும் வைத்தேன். எஃப், ஜே இரண்டிலும் சின்ன மேடு ஆள்காட்டி விரலில் தட்டுப்பட்டது. கண்ணை மூடி, செமிகோலன் எல் கே ஜே எச் ஜே என்று ஒரு வரி ஓட்டினேன். எங்கும் தடுக்கவில்லை. நாற்பத்தைந்து ஸ்வாட்டி, ஏறக்குறைய பத்து யூரோ. லைப்சிக்கில் நாலு மாதம் தேடியும் கிடைக்காதது, ஒரு பாலத்தைத் தாண்டினால் கடைச் சுவரில் அடுக்கிக் கிடந்தது.

வீட்டுக்கு வந்து மாட்டினால் இன்னொரு சிக்கல். ஒற்றை மேற்கோள் குறியைத் தட்டினால் ஒன்றும் விழவில்லை. அடுத்து ஈ-யைத் தட்டினால் இரண்டும் சேர்ந்து தலையில் கோடு போட்ட ஈ விழுந்தது. கீபோர்டு கெட்டுவிட்டதோ என்று பயந்துவிட்டேன். அமைப்பில் அமெரிக்க வகை என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் 'அமெரிக்கா இன்டர்நேஷனல்' என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அதில் மேற்கோள் குறி போன்ற சில கீ-க்கள் காத்திருக்கும் கீ-க்கள். தட்டினால் உடனே எழுத்து விழாது. அடுத்து வருவது யார் என்று பார்த்து அதன் தலையில் ஏறிக்கொள்ளும். வெறும் அமெரிக்கா என்று மாற்றினேன், சரியாயிற்று.

ஆனால் அந்தக் காத்திருக்கும் கீ எனக்குப் புதிதில்லை. பொள்ளாச்சி இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் மிஷினில் நாங்கள் புள்ளியையும் மேல் விலங்கையும் அப்படித்தான் அடித்தோம். தட்டினால் புள்ளி விழும், வண்டி நகராது. அதன் கீழே க-வைத் தட்டினால் க் ஆகும். நகரா விசை என்று அதற்குப் பெயர். 247 எழுத்தையும் ஆங்கில எழுத்துக்காகச் செய்த மிஷினுக்குள் அடக்குவதற்கு அந்த வழியைக் கையாண்டவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்து, 1907-இல் சிங்கப்பூர் போய் வேலை பார்த்தவர். சுற்றிலும் ஆங்கிலத்துக்கு மிஷின் இருந்தது. தன் மொழிக்கு இல்லை. கிடைக்காததைத் தேடி அலைவதற்குப் பதில் தானே வடிவமைத்தார். அவருடைய பிஜோ என்ற கையடக்கத் தமிழ்த் தட்டச்சு மிஷினைச் செய்து கொடுத்தது ஜெர்மனியில் இருந்த சைடல் உண்ட் நௌமான் கம்பெனி. அந்தக் கம்பெனி இருந்த ட்ரெஸ்டன் லைப்சிக்கிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்.

இதைச் சும்மா ஒரு தகவலாகச் சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. லைப்சிக்கில் மாதம் ஒருமுறை பழைய பொருள் சந்தை கூடும். அங்கே ஒரு தாத்தா விரித்திருந்த துணியில் அதே கம்பெனியின் எரிகா மிஷினைப் பார்த்தேன். கறுப்பு உடம்பு, தங்க எழுத்து, வட்டக் கீ-க்கள். டி-க்கு அடுத்து இசட். இதே பட்டறையிலிருந்துதான் ஒரு காலத்தில் க, ங, ச பொறித்த மிஷின்களும் பெட்டியில் ஏறிக் கப்பலில் போயின. குந்தி உட்கார்ந்து செமிகோலன் இருக்கும் இடத்தில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தேன். வாங்கவில்லை, விலை அதிகம். ஆனால் அன்றைக்குப் பிறகு இந்த ஊர் எனக்கு முழு அந்நியமாகத் தெரியவில்லை.

2024 மே மாதம் ஊருக்குப் போனோம். எங்கள் வீட்டில் ஒரு வாரம், பிறகு மூணாறு. பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழி. மாமனார் எஸ்டேட்டில் ஓய்வு பெற்றவர். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கமெல்லாம் தோட்ட வேலைக்காகத் தலைமுறை தலைமுறையாக வந்த தமிழர்கள். ஒரு காலத்தில் அந்தப் பகுதி திருவிதாங்கூர். எல்லை பிரிப்பில் தமிழகத்துக்கா கேரளத்துக்கா என்ற பெரிய போராட்டத்துக்குப் பிறகு கேரளத்தோடு நின்றது. இடுக்கி மாவட்டம் 1972-இல் உருவானது. இன்றும் லயத்தில் பேச்சு தமிழ்தான்.

மாமனார் வீட்டுமனை கேட்டு ஒரு மனு எழுதிக்கொண்டு கடைவீதிக்குப் போயிருந்தார். தமிழில் கையால் எழுதிய மனு. டைப் பண்ணித் தரச் சொல்லி ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்திருக்கிறார். "இதுல தமிழ் வராது, மலையாளம்னா அடிச்சுத் தர்றேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சொன்ன பையனும் தமிழ்ப் பையன்தான். மாமனார் அதைச் சொல்லும்போது கோபப்படவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. இத்தனை வருடமாக இது இப்படித்தான் என்று ஏற்றுக்கொண்ட குரல்.

மறுநாள் நான் அவரோடு போனேன். பையனிடம் அனுமதி கேட்டு, அமைப்பில் மொழி என்ற பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தேன், தமிழ்99-ஐத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். தனி சாப்ட்வேர் வேண்டாம், தனி கீபோர்டு வேண்டாம். இப்போதைய விண்டோஸ், மேக், லினக்ஸ் எதுவானாலும் தமிழ் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, கூப்பிட ஆள் இல்லாமல். அங்கேயே உட்கார்ந்து மனுவை அடித்துக் கொடுத்தேன். அது பழைய கீபோர்டு, எழுத்தெல்லாம் தேய்ந்து கறுப்பாக இருந்தது. எனக்கு அது போதும்.

"அண்ணா, கீ மேல தமிழ் எழுத்தே இல்லையே, எப்படிப் பாத்து அடிக்கிறது?" என்று பையன் கேட்டான். மலையாளம் எப்படி அடிக்கிறாய் என்று கேட்டேன். அதற்கும் கீ மேல் எழுத்து இல்லை. பள்ளிக்கூடத்தில் பழகியது என்றான்.

வீட்டுக்கு வந்து அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். மனைவியின் அக்கா மகள், ஒன்பதாம் வகுப்பு. கேரளப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு லினக்ஸில் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறார்கள். மலையாளத்தை இன்ஸ்கிரிப்ட் முறையில் அடிக்கப் பழக்குகிறார்கள். நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறேன். அவள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, "சித்தப்பா, இங்க பாருங்க" என்று மலையாளத்தில் ஒரு வரி அடித்தாள். பிறகு மொழியைத் தமிழ் இன்ஸ்கிரிப்ட்டுக்கு மாற்றி, அதே விரல்களால், அதே இடங்களில் தமிழ் அடித்தாள். கே-யில் க, எல்-இல் த, எச்-இல் ப, ஜே-யில் ர. இன்ஸ்கிரிப்டில் பெரும்பாலான இந்திய மொழிகளுக்கு ஒரே இட ஒழுங்கு. மலையாளத்துக்குப் பழகிய கை தமிழுக்கும் பழகிய கை. அவளுக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை, தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள்.

என் விரலுக்கு க என்றால் எச் கீ. அவள் விரலுக்குக் கே. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே மனுவை அடித்தோம், அவள் அவள் முறையில், நான் என் முறையில். தமிழ்99-க்காக இத்தனை பேசிய நான் இதை ஒப்புக்கொள்கிறேன்: எல்லையோரத்தில் வளரும், இரண்டு மொழியும் எழுத வேண்டிய பிள்ளைக்கு இன்ஸ்கிரிப்ட் நல்ல தேர்வு. தமிழ் மட்டுமே மணிக்கணக்கில் அடிக்கும் தொழில்காரருக்குத் தமிழ்99.

திரும்பும்போது பொள்ளாச்சியில் இறங்கி, பழைய கடைக்குப் போனேன். "ஏனுங்க, ஜெர்மனியில கெடைக்காத கீபோர்டுங்களா?" என்று கடைக்காரர் ஆச்சரியப்பட்டார். டிவிஎஸ் கோல்டு ஒன்று வாங்கினேன். டிடிபி சென்டர்களிலும் பில்லிங் கவுண்டர்களிலும் டக் டக் என்று சத்தம் போடுமே, அதுதான். ஒவ்வொரு கீ-க்கும் தனித்தனி ஸ்விட்ச். கை ஓய்ந்தாலும் அது ஓயாது. கனம் இருக்கிறது, துணிகளுக்கு நடுவில் வைத்து எடுத்து வந்தேன். அதில் ₹ குறியும் உண்டு. 2010-இல் அந்தக் குறியை வடிவமைத்த உதயகுமாரும் தமிழர்தான். இங்கிலீஷ் இந்தியா என்று அமைத்துவிட்டு வலது ஆல்ட்டோடு 4-ஐத் தட்டினால் விழும். ஊருக்கு அனுப்பும் பில்லில் இப்போது ரூபாய் என்று எழுத்தில் எழுதுவதில்லை.

போலந்து கீபோர்டு மகனுக்குப் போனது. அவன் அதில் தமிழ்99 பழகுகிறான். ஞாயிறுதோறும் தாத்தாவுக்கு நாலு வரி.

வெளிநாடு கிளம்புகிறவர்களுக்கு, முக்கியமாக எங்கள் சித்தூர், தேவிகுளம் பக்கத்திலிருந்து நர்ஸ் வேலைக்குப் போகிறவர்களின் வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல விரும்புவது: மசாலாப் பொடிக்கும் ஊறுகாய்க்கும் ஒதுக்கும் இடத்தில் ஒரு கீபோர்டுக்கும் இடம் விடுங்கள். லேப்டாப்பை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். அங்கே போய்த்தான் வாங்க வேண்டும் என்றால், ஆர்டர் போடும்போதே அமெரிக்க வகை கிடைக்குமா என்று கேளுங்கள். சில கம்பெனிகள் இணையத்தில் வாங்கும்போது தேர்ந்தெடுக்க விடுகின்றன. கீ மேல் ஒட்டும் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். எழுத்தை மறைக்கலாம், ஷிப்டை நீளமாக்க முடியாது.

கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்று இருக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் அது பொருந்தும். சட்டம் வந்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. மூணாறு, மறையூர், குமுளி, வண்டிப்பெரியார், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என்று எந்த ஊரில் நீங்கள் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தாலும், இன்று கடை திறந்ததும் மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்து வையுங்கள். தமிழில் மனு எழுதிக்கொண்டு வரும் பெரியவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். எப்படிச் சேர்ப்பது என்று தெரியாவிட்டால் இந்தப் பதிவின் கீழே கேளுங்கள். எந்த நேரமானாலும் பதில் எழுதுகிறேன்.